பெட்ரோலில் ஈயம் ஏன் வந்தது, எத்தனால் ஏன் திரும்பி வந்தது?

கேள்வியில் மூன்று பகுதிகள் இருக்கின்றன. ஆக்டேன் எண் கூடினால் பெட்ரோலின் சக்தி கூடுமா? முன்பு பெட்ரோல் பங்குகளில் 'ஈயம் அற்ற பெட்ரோல்' என்று தனியாகப் பலகை வைத்திருந்தார்களே, ஈயத்தை முதலில் எதற்குப் போட்டார்கள்? இப்போது எத்தனால் கலப்பதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா? சுருக்கமான பதில்: சக்தி கூடாது, இன்ஜின் தட்டாமல் இருக்கத்தான் ஈயம், சம்பந்தம் நிறையவே உண்டு. எரிபொருள் ஆய்வகத்தில் வேலை பார்த்தவன் என்பதால் சற்று நீட்டியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் என்று ஒரு வேதிப்பொருள் கிடையாது. தண்ணீர், உப்பு, சர்க்கரை என்றால் ஒரு வாய்பாடு எழுதிவிடலாம். பெட்ரோலுக்கு எழுத முடியாது. நான்கு முதல் பன்னிரண்டு கார்பன் அணுக்கள் வரை கொண்ட நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்களின் கலவை அது. நேர்ச்சங்கிலி, கிளைச்சங்கிலி, வளையம், பென்சீன் குடும்பத்து அரோமேட்டிக்குகள் எல்லாம் அதில் கலந்து கிடக்கும். ஆய்வகத்தில் இதை நேரடியாகக் காட்டும் சோதனை ஒன்று உண்டு. 100 மில்லி பெட்ரோலைக் குடுவையில் ஊற்றிச் சூடாக்குவோம். தண்ணீராக இருந்தால் 100 டிகிரியில் கொதிக்கத் தொடங்கி, கடைசிச் சொட்டு வரை முள் அங்கேயே நிற்கும். பெட்ரோல் 35 டிகிரியை ஒட்டி முதல் சொட்டை விடும். அப்புறம் வெப்பமானி நிற்காமல் ஏறிக்கொண்டே போகும். கடைசிச் சொட்டு விழும்போது 200 டிகிரியை நெருங்கியிருக்கும். எந்த டிகிரியில் எத்தனை மில்லி இறங்கியது என்று குறித்துக்கொண்டே வருவோம். சீக்கிரம் ஆவியாகும் பகுதி குறைந்தால் குளிர்ந்த இன்ஜின் கிளம்பாது. கடைசிப் பகுதி கனத்துப்போனால் சரியாக எரியாமல் கரி படியும், இன்ஜின் ஆயிலிலும் கலக்கும். மண்ணெண்ணெய் கலப்படம் செய்தாலும் இந்த வால் பகுதியில்தான் மாட்டிக்கொள்வார்கள். பங்கில் வடிதாள் கேட்டு ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பதும் இதே தத்துவம்தான்: நல்ல பெட்ரோல் இரண்டு நிமிடத்துக்குள் கறையில்லாமல் பறந்துவிட வேண்டும்.

இந்தக் கலவைக்கு ஆரம்பத்தில் மதிப்பே இல்லை. 1859 ஆகஸ்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், டைட்டஸ்வில் என்ற ஊரில் எட்வின் டிரேக் சுமார் 21 மீட்டர் ஆழத்தில் எண்ணெய் கண்டபோது, எல்லாரும் தேடியது விளக்கெரிக்க மண்ணெண்ணெய். கச்சா எண்ணெயைக் காய்ச்சும்போது முதலில் வரும் லேசான பகுதி தொந்தரவாகவே இருந்தது. பல ஆலைகள் அதை ஆற்றில் கொட்டின, சில எரித்தன. பேராசைக்காரர்கள் மண்ணெண்ணெயிலேயே கலந்து விற்றார்கள். விளக்குகள் வெடித்து ஆட்கள் செத்தார்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது, தரையோடு தவழும். மைனஸ் 40 டிகிரிக் குளிரிலும் தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விடும். அதைக் கண்ணாடி விளக்கில் ஊற்றினால் வேறென்ன நடக்கும்? மண்ணெண்ணெய்க்கு 'தீப்பற்று நிலை' இத்தனை டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது இந்தச் சாவுகளால்தான்.

1888இல் பெர்தா பென்ஸ் தன் கணவர் கார்ல் பென்ஸ் செய்த மோட்டார் வண்டியில் இரண்டு மகன்களோடு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குப் புறப்பட்டார். வழியில் எரிபொருள் வாங்கியது வீஸ்லோக் என்ற ஊரின் மருந்துக் கடையில். கறை நீக்க விற்றுக்கொண்டிருந்த லிக்ரோயின் என்ற லேசான பெட்ரோலிய வடிப்பு அது. கால் நூற்றாண்டுக்குள் நிலைமை தலைகீழானது. மின்விளக்கு வந்து மண்ணெண்ணெய் தேவை இறங்க, கார்கள் பெருகி பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தது. கச்சா எண்ணெயில் இயல்பாக இருக்கும் பெட்ரோல் பகுதி கொஞ்சம்தான். ஆகவே கனமான மூலக்கூறுகளை உடைத்துச் சின்னதாக்க வேண்டும். இந்தியானாவின் ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்தில் வில்லியம் பர்ட்டன் அதைச் செய்தார்: கன எண்ணெயை அழுத்தத்தில் அடைத்து 400 டிகிரியை ஒட்டிச் சூடாக்கினார். 1913இல் விட்டிங் ஆலையில் இது ஓடத் தொடங்கியது. ஒரு பீப்பாய் கச்சா எண்ணெயிலிருந்து கிடைக்கும் பெட்ரோல் ஏறக்குறைய இரட்டிப்பானது. ஆணி அடித்து இணைத்த தகடுகளாலான கொதிகலனில் சூடான எண்ணெயை அழுத்தத்தோடு வைத்து வேலை பார்த்த அந்தத் தொழிலாளர்களின் தைரியத்தைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை.

பெட்ரோல் கிடைத்தது. ஆனால் இன்ஜின் தட்டியது.

மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்பார்கள். மேட்டில் டாப் கியரிலேயே முறுக்கி ஏற்றும்போது 'கிணுகிணு'வென்று உலோகத்தில் தட்டுகிற மாதிரி கேட்குமே, அதுதான். வைக்கோல் போரின் ஒரு மூலையில் தீ வைத்தால் அது சீராகப் பரவி மறுமூலைக்குப் போக வேண்டும். தீ போய்ச் சேருமுன்பே மறுமூலை தானாகக் குப்பென்று பற்றிக்கொண்டால் எப்படியோ, அதுதான் சிலிண்டருக்குள் நடக்கிறது. ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ பரவும்போது, இன்னும் எரியாமல் ஓரத்தில் இருக்கும் கலவை நசுங்கிச் சூடாகிறது. அது பொறுமையாகக் காத்திருந்தால் சரி. தானாக வெடித்தால் அழுத்த அலை சுவருக்குச் சுவர் மோதும். நீடித்தால் பிஸ்டனில் ஓட்டை விழும்.

எந்த மூலக்கூறு காத்திருக்கும், எது காத்திருக்காது என்பதை அதன் வடிவம் தீர்மானிக்கிறது. நேர்ச்சங்கிலியில் வரிசையாக நிற்கும் நடுக் கார்பன்களிலிருந்து ஹைட்ரஜன் அணுவைப் பிடுங்குவது எளிது. பிடுங்கிய இடத்தில் ஆக்சிஜன் ஒட்டி, பெராக்சைடு உருவாகி, அது உடைந்து இரண்டு வீரியமான துணுக்குகளைத் தரும். அவை ஒவ்வொன்றும் மேலும் ஹைட்ரஜனைப் பிடுங்கும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, மில்லி விநாடிகளில் வெடிப்பு. கிளைவிட்ட மூலக்கூறில் பெரும்பாலான ஹைட்ரஜன்கள் நுனிக் கார்பன்களில் இருக்கின்றன. அவற்றைப் பிடுங்குவது கடினம், தொடர்வினை சீக்கிரம் பெருகாது. 1926இல் கிரஹாம் எட்கர் என்ற வேதியியலாளர் இந்த வித்தியாசத்தையே அளவுகோலாக்கினார். நேர்ச்சங்கிலி ஹெப்டேன் பூஜ்யம், நன்றாகக் கிளைவிட்ட ஐசோ-ஆக்டேன் 100. உங்கள் பெட்ரோல், 91 பங்கு ஐசோ-ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் சேர்ந்த கலவை எந்த நிலையில் தட்டுமோ அதே நிலையில் தட்டினால், அதன் ஆக்டேன் எண் 91. அவ்வளவே. இதில் சக்தி எங்கேயும் வரவில்லை. கிளையில்லாத சாதாரண ஆக்டேனின் ஆக்டேன் எண் பூஜ்யத்துக்கும் கீழே! எரித்தால் அதுவும் கிட்டத்தட்ட அதே வெப்பத்தைத்தான் தரும்.

இதை அளக்கும் இயந்திரம் 1920களின் முடிவில் வடிவமைத்தது. இன்றும் உலகம் முழுக்க ஏறக்குறைய அதே உருவத்தில் நிற்கிறது. ஒரே ஒரு சிலிண்டர், ஆள் இடுப்பு உயரத்துக்கு மேல் ஒரு இரும்புக் கோபுரம். ஓடிக்கொண்டிருக்கும்போதே கைப்பிடியைச் சுற்றிச் சிலிண்டரை மேலும் கீழும் நகர்த்தலாம். கீழே இறக்கினால் அழுத்த விகிதம் (கலவை எத்தனை மடங்கு நசுங்குகிறது என்ற கணக்கு) ஏறும். பக்கத்தில் சின்னக் கிண்ணங்களில் சோதிக்க வேண்டிய பெட்ரோலும், எண் தெரிந்த இரண்டு ஒப்பீட்டுக் கலவைகளும் இருக்கும். நிமிடத்துக்கு 600 சுற்றில் ஓடவிட்டு, தட்டல்மானியின் முள் நடுவில் வந்து நிற்கும் வரை சிலிண்டரை இறக்க வேண்டும். அப்புறம் கிண்ணத்தை மாற்றி மாற்றி, நம் பெட்ரோலின் முள் இரண்டு கலவைகளுக்கு நடுவே எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். கணினி யுகத்தில் இப்படியா என்று புதிதாக வருபவர்கள் சிரிப்பார்கள். ஒரு மாதம் பழகிய பிறகு முள்ளைப் பார்க்காமலே காதால் சொல்லிவிடுவார்கள்.

சரி, ஈயத்துக்கு வருவோம். ஜெனரல் மோட்டார்ஸின் ஆய்வுப் பிரிவை நடத்தியவர் சார்ல்ஸ் கெட்டரிங். காருக்கு எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டர் கொடுத்தவர். தட்டலுக்கு மருந்து தேடும் வேலையைத் தாமஸ் மிட்க்லி என்ற இளம் பொறியாளரிடம் கொடுத்தார். அயோடின் வேலை செய்தது, ஆனால் விலை அதிகம், உலோகத்தை அரித்தது. அனிலின் நாறியது. செலினியமும் டெலுரியமும் நன்றாகவே வேலை செய்தன, ஆனால் தொட்டவர் மேல் பூண்டு நாற்றம் ஒட்டிக்கொண்டு குளித்தாலும் போகவில்லை. தனிம அட்டவணையில் நகர்ந்து நகர்ந்து 1921 டிசம்பர் 9 அன்று டெட்ரா எத்தில் லெட் என்ற ஈயச் சேர்மத்தைச் சோதித்தார்கள். ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகப் போட்டாலே தட்டல் நின்றது. இன்ஜினுக்குள் அது சிதைந்து மிக நுண்ணிய ஈய ஆக்சைடு துகளாகிறது; மேலே சொன்ன வீரியத் துணுக்குகள் அந்தத் துகள்மேல் மோதி அடங்கிவிடுகின்றன. ஈயம் உள்ளேயே படியாமல் வெளியேற புரோமின் சேர்மமும் கலந்தார்கள். அதாவது ஈயத்தைப் புகைக்குழாய் வழியே தெருவுக்கு அனுப்புவதற்கென்றே தனி வேதியியல் செய்தார்கள்.

எத்தனால் தட்டலை அடக்கும் என்பது மிட்க்லிக்கு நன்றாகத் தெரியும். ஈயத்துக்கு முன்பே அவரே அதைச் சோதித்துப் பேசியிருக்கிறார். பிறகு ஏன் விட்டார்கள்? நான் பார்த்த வரையில் காரணம் வேதியியலில் இல்லை, கணக்கில் இருக்கிறது. எத்தனால் தட்டலை அடக்க வேண்டுமானால் பத்து, இருபது சதவீதம் ஊற்ற வேண்டும். அந்த அளவுக்குப் பெட்ரோல் விற்பனை குறையும். சாராயத்தை யார் வேண்டுமானாலும் காய்ச்சலாம், காப்புரிமை வாங்க முடியாது. ஈயச் சேர்மத்துக்குக் காப்புரிமை கிடைத்தது. 1923 பிப்ரவரியில் ஓஹியோவின் டேட்டன் நகரில் முதல் விற்பனை. 1924இல் ஜெனரல் மோட்டார்ஸும் நியூ ஜெர்சியின் ஸ்டாண்டர்ட் ஆயிலும் சேர்ந்து நிறுவனம் தொடங்கின. சரக்குக்கு 'எத்தில்' என்று பெயர் வைத்தார்கள். ஈயம் என்ற சொல் விளம்பரத்தில் வரவில்லை.

ஈயம் நஞ்சு என்பது ரோமானியர் காலம் தொட்டுத் தெரிந்ததுதான். இந்தச் சேர்மமோ தோல் வழியாகவே உள்ளே போய் நேரே மூளையைத் தாக்கும். 1924 அக்டோபரில் நியூ ஜெர்சியின் பேவே ஆலையில் தொழிலாளர்கள் பிதற்றத் தொடங்கினார்கள். சிலரைக் கட்டிப்போட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். சில நாட்களுக்குள் ஐந்து பேர் இறந்தார்கள். டீப்வாட்டர் என்ற இடத்திலிருந்த டூபான்ட் ஆலையில் தொழிலாளர்கள் இல்லாத பூச்சிகளை விரட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கட்டடத்துக்கு 'வண்ணத்துப்பூச்சி வீடு' என்றே பெயர் விழுந்தது. பத்திரிகைகளைச் சமாதானப்படுத்த மிட்க்லி அந்தத் திரவத்தில் கை கழுவிக் காட்டினார், ஒரு நிமிடம் முகர்ந்தும் காட்டினார். அதற்கு முந்தைய ஆண்டுதான் அவரே ஈய நச்சுக்கு ஆளாகி ஓய்வெடுக்கப் போயிருந்தார். (குளிர்பதனப் பெட்டிக்கான ஃப்ரியானை உருவாக்கி, ஓசோன் படலம் ஓட்டையாவதற்கும் வழிசெய்தவர் இவரே.)

1925 மே மாதம் அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரி கூட்டிய மாநாட்டில், தொழில்சார் நோய்களை ஆராய்ந்த ஆலிஸ் ஹாமில்டனும் யேல் பல்கலைக்கழகத்தின் யான்டெல் ஹென்டர்சனும் தெளிவாக எச்சரித்தார்கள்: ஆலைக்குள் சாவது சிலர், தெருவில் கொஞ்சம் கொஞ்சமாக நஞ்சு ஏறப்போவது எல்லாருக்கும். சில மாத ஆய்வுக்குப் பிறகு குழு, தடை செய்யப் போதுமான காரணம் இல்லை என்றது. அடுத்த நாற்பது ஆண்டு ஈயத்தின் பாதுகாப்பைப் பற்றிப் பேசியவர் பெரும்பாலும் ஒரே ஆள்: ராபர்ட் கெஹோ. அவர் ஆய்வகத்துக்குப் பணம் தந்ததும் அதே நிறுவனங்கள்தான். மனித உடலில் ஈயம் இயற்கையாகவே இருக்கிறது என்பது அவர் வாதம். அதற்கு ஆதாரமாக மோட்டார் வண்டி அண்டாத மெக்சிகோ விவசாயிகளைச் சோதித்தார். அவர்கள் ஈயப் பூச்சு பூசிய மண்பாத்திரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்!

இதை உடைத்தவர் பெட்ரோலுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு நிலவேதியியலாளர். கிளேர் பாட்டர்சன் விண்கல்லிலுள்ள ஈய ஐசோடோப்புகளைக் கொண்டு பூமியின் வயது 455 கோடி ஆண்டு என்று 1956இல் வெளியிட்டவர். அந்த அளவீட்டுக்காகப் பாடுபட்டபோதே அவருக்கு ஒரு தொல்லை இருந்தது: எதைத் தொட்டாலும் ஈயம். மேசை, தூசி, தலைமுடி, காற்று எல்லாவற்றிலும். கால்டெக் என்ற கலிஃபோர்னியா ஆய்வுப் பல்கலைக்கழகத்தில் தூசு புகாத ஆய்வகம் ஒன்றைக் கட்டிக்கொண்டுதான் சரியான கணக்கு எடுக்க முடிந்தது. பிறகு கடல்நீரைப் பார்த்தார்: ஆழத்தைவிட மேற்பரப்பில் ஈயம் பல மடங்கு அதிகம். கிரீன்லாந்துப் பனிப் படிவுகளிலும் அண்மைக் காலத்து அடுக்குகளில் ஈயம் எகிறியிருந்தது. 1965இல், நாம் இயற்கை என்று நினைக்கும் அளவு இயற்கையே அல்ல என்று எழுதினார். அவருக்குப் பெட்ரோலியத் துறை தந்துவந்த ஆய்வு நிதி நின்றது.

ஆனாலும் ஈயத்தை வெளியே தள்ளியதில் உடல்நலக் கவலைக்கு இருந்த பங்கைவிட பிளாட்டினத்துக்குப் பங்கு அதிகம் என்றுதான் சொல்வேன். அமெரிக்காவின் 1970 தூய காற்றுச் சட்டத்தைச் சமாளிக்க 1975 கார்களில், புகையிலுள்ள நச்சு வாயுக்களை மாற்றும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வந்தது. அதிலுள்ள பிளாட்டினத்தின் மேல் ஈயம் படிந்தால் கன்வெர்ட்டர் செத்துவிடும். ஈயத்தைக் கொண்டுவந்த ஜெனரல் மோட்டார்ஸுக்கே இப்போது ஈயம் வேண்டாத பொருளானது. எத்தில் நிறுவனத்தை அவர்கள் 1962இலேயே விற்றிருந்தார்கள். பலன் உடனே தெரிந்தது: 1976க்கும் 1980க்கும் இடையில் அமெரிக்கர்களின் சராசரி இரத்த ஈய அளவு 37 சதவீதம் இறங்கியது, பெட்ரோலில் ஈயம் இறங்கிய கோட்டைப் பின்தொடர்ந்தே. இந்தியாவில் 1995 ஏப்ரலில் சென்னை உள்பட நான்கு பெருநகரங்களில் கன்வெர்ட்டர் வைத்த புதுக் கார்களுக்காக ஈயமற்ற பெட்ரோல் வந்தது. நீங்கள் பார்த்த பலகை அந்தக் காலத்தது. 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுக்க ஈயம் நின்றது. உலகிலேயே கடைசியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா, 2021 ஜூலையில்.

ஈயத்தை எடுத்த இடத்தில் ஆக்டேனை வேறு வழியில் நிரப்ப வேண்டுமே? சுத்திகரிப்பு ஆலைகள் மூலக்கூறின் வடிவத்தையே மாற்றின. 1949இல் வந்த பிளாட்ஃபார்மிங் முறை, பிளாட்டினம் வினையூக்கியின் மேல் நாஃப்தா என்ற லேசான பெட்ரோலிய வடிப்பைச் செலுத்தி அரோமேட்டிக்குகளாக மாற்றும். ஆக்டேன் நன்றாக ஏறும். ஆனால் அந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளை பென்சீன், இரத்தப் புற்றுநோய் தரும். அதனால் அதை 1 சதவீதத்துக்குள் அடக்கச் சொல்கிறது நம் தர நிர்ணயம். அமெரிக்காவில் எம்டிபிஇ என்ற ஈதரைக் கலந்தார்கள். அது தொட்டிகளிலிருந்து கசிந்து நிலத்தடி நீரில் கலந்து, 1996இல் சாண்டா மோனிகா நகரம் குடிநீர்க் கிணறுகளை மூட வேண்டியதாயிற்று. ஒவ்வொரு வழியாக அடைபட, மிச்சமிருந்தது 1921இல் ஓரம் கட்டிய எத்தனால்.

இந்தியாவில் எத்தனால் வந்ததற்குக் கச்சா எண்ணெய் இறக்குமதிச் செலவும் கரும்பு விவசாயமும்தான் முக்கியக் காரணங்கள். ஆக்டேன் கூடவே வந்த லாபம். 2022இல் 10 சதவீதக் கலப்பை எட்டினார்கள். 2023 பிப்ரவரியில் தொடங்கிய இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) இப்போது எல்லாப் பங்குகளிலும். எத்தனாலின் ஆக்டேன் எண் 108ஐ ஒட்டி இருப்பதால் பெட்ரோலின் எண் 91இலிருந்து 95 ஆகிவிட்டது. ஆனால் ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் வெப்பம் என்றால், எத்தனாலில் 21தான். 80க்கு 20 கலந்தால் லிட்டருக்குச் சுமார் 7 சதவீதம் குறையும். ஆக்டேன் சக்தி அல்ல என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா: எண் ஏறியிருக்கிறது, வெப்பம் இறங்கியிருக்கிறது. அழுத்த விகிதத்தை உயர்த்தி இ20க்கென்றே வடிவமைத்த இன்ஜின் இழந்ததில் ஒரு பகுதியை மீட்கும். பழைய வண்டி மீட்காது. மைலேஜ் குறைந்ததாகச் சொல்பவர்கள் எல்லாரும் கற்பனை செய்யவில்லை.

பழைய கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. எத்தனாலில் ஆக்சிஜன் உள்ளேயே இருப்பதால் காற்று குறைவாகப் போதும். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டி, சென்சார் பார்த்துத் தானே சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது, ஜெட்டை (பெட்ரோல் வரும் சின்னத் துளை) மெக்கானிக்தான் பார்க்க வேண்டும். ரப்பர் குழாய், வாஷர்களை எத்தனால் ஊதவைக்கும் என்பதால் அவற்றையும் மாற்றிவிடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும்; தண்ணீர் அளவு மிஞ்சினால் எத்தனாலோடு சேர்ந்து டேங்க் அடியில் தனி அடுக்காக இறங்கிவிடும், அப்புறம் வண்டி கிளம்பாது. மாதக்கணக்கில் நிறுத்தப்போகும் வண்டியில் பெட்ரோலை வைத்திருக்காதீர்கள். மழைக்காலத்தில் டேங்க் மூடியின் ரப்பரையும் ஒருமுறை பாருங்கள்.

கூடுதல் விலைக்கு விற்கும் உயர் ஆக்டேன் பெட்ரோல் தேவையா? உங்கள் வண்டியின் கையேட்டில் 91 போதும் என்றிருந்தால் வேண்டாம். டர்போ உள்ள இன்ஜின், அழுத்த விகிதம் கூடிய பைக் என்றால் கையேடு சொல்லும் எண்ணைப் போடுங்கள். தட்டல் வந்தால் இன்ஜின் கணினி ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தித் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். பிக்கப் குறைவது அதனால்தான்.

ஈயம் முற்றாகப் போய்விட்டதா என்றும் கேட்பீர்கள். சாலையிலிருந்து போய்விட்டது. பிஸ்டன் இன்ஜினில் பறக்கும் சின்ன விமானங்களுக்கான 100 எல்எல் எரிபொருளில் லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் இன்னும் இருக்கிறது. 2030க்குள் நிறுத்துவது அமெரிக்காவின் இலக்கு. அதற்கு மாற்றாக ஈயமில்லாத 100 ஆக்டேன் பெட்ரோல்கள் இப்போதுதான் சில விமான நிலையங்களில் கிடைக்கத் தொடங்கியிருக்கின்றன.